மகள் சொராரிட்டியில் சேரப் போகிறாளாம், அதில் அப்படி என்னதான் கிடைக்கும்?

கொள்ளிடத்துக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். டல்லாஸ் பக்கம் இருக்கிறோம், வந்து 21 வருஷம் ஆகிறது. மகள் ஆகஸ்டில் ஒரு பெரிய ஸ்டேட் யுனிவர்சிட்டியில் சேர்கிறாள், எது என்று இங்கே வேண்டாம். போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது "அம்மா, நான் ரஷ் பண்ணப் போறேன்" என்றாள். எனக்கு ரஷ் என்றால் பொங்கலுக்கு முந்தின நாள் கோயம்பேடுதான் ஞாபகம் வரும். அப்புறம்தான் விளக்கினாள், சொராரிட்டி என்கிற கல்லூரிப் பெண்கள் சங்கத்தில் சேர்வதற்கு ஆள் எடுக்கிற வாரமாம். அவள் அப்பா "குடிச்சிட்டுக் கூத்தடிக்கிற இடம், வேண்டாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு மோர் சாதத்துக்குப் போய்விட்டார். மூன்று நாளாக வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை, தூது போவது நான்தான்.

நான் படித்தது கும்பகோணத்தில். கல்லூரியில் சேர்ந்து இருந்தேன் என்று சொல்ல என்எஸ்எஸ் கேம்ப் ஒன்றுதான் உண்டு. இதில் இருக்கும் கெடுதல் எல்லாம் கூகிளில் தேடினாலே கொட்டுகிறது. நல்லது என்ன என்று உள்ளே இருந்தவர்கள் சொல்லுங்கள். தயவுசெய்து "நெட்வொர்க்கிங்" என்று ஒற்றை வார்த்தையில் சொல்லாதீர்கள், அதை அவளே நாற்பது தடவை சொல்லிவிட்டாள்.

நிலா_அட்லாண்டா:
ஆன்ட்டி, நான் நாலு வருஷம் ஒரு சொராரிட்டியில் இருந்தேன், படிப்பு முடிந்து மூன்று வருஷம் ஆகிறது. எங்கள் சாப்டரில் (எங்கள் கல்லூரிக் கிளையில்) அந்த வருஷம் சேர்ந்த இந்தியப் பெண்கள் இரண்டே பேர், அதில் நான் ஒருத்தி. அதனால் இரண்டு பக்கமும் சொல்கிறேன்.

முதலில் ரஷ் என்றால் என்ன என்று கண்ணால் பார்த்த மாதிரி சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் வெயில். வரிசையில் நிற்கிற பெண்கள் எல்லோர் கையிலும் பேட்டரி விசிறி, பைக்குள் மாற்றுச் செருப்பு. சொராரிட்டி வீட்டுக் கதவு திறந்ததும் உள்ளே இருப்பவர்கள் ஒருவர் மேல் ஒருவர் அடுக்கின மாதிரி நின்று கைதட்டிப் பாடுவார்கள், காது அடைத்துப் போகும். ஒரு பெண் வந்து உங்கள் மகளைக் கூட்டிப்போய் உட்கார வைத்துப் பேசுவாள், ஆறேழு நிமிஷத்தில் இன்னொருத்தி வந்து இடத்தைப் பிடிப்பாள், அப்புறம் இன்னொருத்தி. அந்த ராத்திரியே நம்மைப் பற்றி அவர்கள் மார்க் போடுவார்கள். ஆமாம், பெண் பார்க்கிற மாதிரிதான். என்ன, பஜ்ஜி சொஜ்ஜி கிடையாது. ஒரு வித்தியாசம், நாமும் அவர்களை வரிசைப்படுத்தி எழுதிக் கொடுப்போம். ரவுண்டு போகப் போக வீடுகள் குறையும், கடைசி நாள் பிட் கார்டு (சேரச் சொல்லும் அழைப்பு) கையில் வரும். சிலருக்கு வராது. என் ரூம்மேட்டுக்கு வரவில்லை, அந்த ராத்திரி அவள் அழுததை நான் மறக்கவில்லை.

சரி, நல்லது என்ன. நான் இரண்டாம் வருஷம் சாப்டரின் பொருளாளர் ஆனேன். எனக்கு வயது 19. நூற்று முப்பது பேரிடம் டியூஸ் (உறுப்பினர் சந்தா) வசூலிக்க வேண்டும், கொடுக்காதவளிடம் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும். அவள் அப்பாவுக்கு வேலை போயிருக்கும், சொல்ல வெட்கப்படுவாள், அவளுக்குத் தவணை போட்டுக் கொடுத்துவிட்டு அதை மற்றவர்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பஸ் கம்பெனியிடம் பேரம். சமையல்காரரின் சம்பளம் எந்தக் கணக்கில் வரும் என்ற சண்டை. வகுப்பில் நான் எடுத்த அக்கவுண்டிங் பாடம் எதுவும் ஞாபகம் இல்லை, இது எல்லாம் ஞாபகம் இருக்கிறது. வேலை இன்டர்வியூவில் இரண்டு இடத்தில் இதைப் பற்றித்தான் கேட்டார்கள்.

இன்னொன்று. இரண்டாம் வருஷம் எனக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன். அம்மா அப்பா ஃப்ளைட் பிடித்து வர மறுநாள் மாலை ஆகிவிட்டது. அதுவரை என்னுடைய பிக் (நமக்கு என்று ஒதுக்குகிற மூத்த அக்கா) ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே கிடந்தாள், அவளுக்கு மறுநாள் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி பரீட்சை வேறு. அது நெட்வொர்க்கிங் இல்லை ஆன்ட்டி, அதற்கு என்ன பேர் என்று எனக்குத் தெரியவில்லை.

செலவு பெரிது, மறைக்க மாட்டேன். டியூஸ், டீ ஷர்ட், ஃபார்மல் என்கிற விருந்துக்கு டிரஸ் என்று முதல் செமஸ்டரிலேயே எனக்கு இரண்டாயிரம் டாலருக்கு மேல் போனது.

மதுரைக்காரன்_நியூஜெர்சி:
எல்லாம் சரி தங்கச்சி, ஆனால் இதற்குக் கிரேக்க எழுத்தில் பேர் வைத்தால் ராகிங் ராகிங் இல்லாமல் போய்விடுமா? 1996-இல் சிதம்பரத்தில் நவரசு என்ற மருத்துவ மாணவனை சீனியர் எப்படிக் கொன்றான் என்று எங்கள் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அதற்கு அடுத்த வருஷம்தான் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டமே வந்தது. அதே 1997-இல் பேராதனையில் வரப்பிரகாஷ் என்ற பையன் ராகிங்கால் செத்தான், இலங்கையிலும் 1998-இல் சட்டம் வந்தது. நாம் அங்கே ஒழிக்கப் போராடினதை இங்கே காசு கொடுத்துப் பிள்ளைகளைச் சேர்க்கிறோம்.

பென் ஸ்டேட் யுனிவர்சிட்டியில் ஒரு ஃப்ரட்டர்னிட்டி (ஆண்கள் சங்கம்) வீட்டில், 2017 பிப்ரவரியில் டிமதி பியாஸா என்ற 19 வயதுப் பையன். எஞ்சினியரிங் மாணவன். பிட் வாங்கின ராத்திரியே குடிக்க வைத்தார்கள், படியிலிருந்து உருண்டு விழுந்தான், தலையில் அடி. மறுநாள் காலை வரை, கிட்டத்தட்ட 12 மணி நேரம், ஒருத்தரும் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை, அவன் பிழைக்கவில்லை. அந்த வீட்டில் கேமரா இருந்தது, அதனால்தான் இவ்வளவும் வெளியே வந்தது. என் பையன் கேட்டபோது இந்தச் செய்தியை உட்கார வைத்துப் படிக்க வைத்தேன். அதற்கப்புறம் அவன் கேட்கவில்லை.

பழைய_பிளெட்ஜ்:
மதுரை அண்ணே, நீங்கள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. நான் 2000-களின் நடுவில் ஒரு தெற்காசிய ஃப்ரட்டர்னிட்டியில் சேர்ந்தவன். எங்கள் பிளெட்ஜ் காலத்திலும் (முழு உறுப்பினர் ஆவதற்கு முந்தைய வாரங்கள்) கூடாதது நடந்தது. எட்டு வாரம் ஒழுங்காகத் தூங்கவில்லை, ராத்திரி இரண்டு மணிக்கு போன் வரும், பார்க்கிங் லாட்டில் வரிசையாக நிற்க வைத்து சாப்டர் வரலாற்றை ஒப்பிக்கச் சொல்வார்கள், ஒருத்தன் தப்பினால் எல்லோருக்கும் புஷ்-அப். அப்போது அதைப் பெருமையாக நினைத்தேன். இப்போது எனக்கு மகன் இருக்கிறான், அவனை ஒருத்தன் அப்படி நிற்க வைத்தால் நான் சும்மா இருப்பேனா என்று யோசித்தால் பதில் தெரிந்துவிடுகிறது. சட்டப்படி அதற்குப் பெயர் ஹேஸிங்தான் (நம்மூர் ராகிங்), வேறு பேர் இல்லை.

ஆனாலும் சேர்ந்ததற்கு வருத்தப்படவில்லை, ஏன் என்று சொல்கிறேன். நான் நெய்வேலியில் பன்னிரண்டாவது வரை படித்துவிட்டு அப்பாவின் வேலை மாற்றத்தால் இங்கே வந்து அண்டர்கிராட் சேர்ந்தவன். வெள்ளைக்காரப் பையன்கள் என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தார்கள், இங்கேயே பிறந்த தேசிப் பையன்கள் என்னை "ஃபாப்" என்றார்கள், கப்பலில் இப்போதுதான் வந்து இறங்கினவன் என்று அர்த்தம். இரண்டு பக்கமும் சேர்க்கவில்லை. நாற்பதாயிரம் பேர் படிக்கிற இடத்தில் ஒரு செமஸ்டர் முழுக்க மதியம் தனியாகச் சாப்பிட்டேன், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பாட்டு ஓடாது, சும்மா. ஃப்ரட்டில் சேர்ந்தபிறகு சாப்பிடும்போது எதிரில் ஒருத்தன் இருந்தான். இவ்வளவுதான் எனக்குக் கிடைத்த நன்மை. மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான், முதல் வேலைக்கு ரெஸ்யூமே திருத்திக் கொடுத்தது, ஹூஸ்டனில் வேலை கிடைத்தபோது பார்த்தே இராத சீனியர் ஒருத்தர் வீட்டில் இரண்டு மாதம் இருந்தது எல்லாம்.

கொள்ளிடத்து அக்கா, உங்களுக்கு ஒரு தகவல். தெற்காசியர்கள் தொடங்கிய சொராரிட்டிகள் உண்டு, டெக்சாஸ்தான் அதற்குத் தாய்வீடு மாதிரி. கப்பா ஃபை காமா 1998-இல் ஆஸ்டின் யூடியில் (டெக்சாஸ் பல்கலைக்கழகம்) தொடங்கியது, டெல்டா ஃபை ஒமேகா அதே 1998-இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில். ஆண்கள் பக்கம் டெல்டா எப்ஸிலான் சையும் 1998, ஆஸ்டின்தான். தொண்ணூறுகளில் நம் ஆட்களின் பிள்ளைகள் கல்லூரிக்குப் போக ஆரம்பித்த காலம், பெரிய வீடுகளின் கதவு சுலபமாகத் திறக்கவில்லை, சரி நாமே ஒன்று கட்டிக்கொள்வோம் என்று கட்டினார்கள். பெரும்பாலும் சொந்த வீடு கிடையாது, கூட்டம் சின்னது, செலவும் குறைவு.

கணக்குப்பிள்ளை:
நன்மை என்று எண்ணிக்கையில் கேட்டால் ஓர் ஆய்வு சொல்கிறேன். யூனியன் காலேஜ் பொருளாதாரப் பேராசிரியர்கள் செய்தது. ஒரு கல்லூரியின் பழைய மாணவர்களை எடுத்துப் பார்த்ததில், ஃப்ரட்டர்னிட்டியில் சேர்ந்தால் ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) சுமார் 0.25 குறைகிறது, பிற்கால வருமானம் சுமார் 36% கூடுகிறது என்று வந்தது. இதை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் மூன்று விஷயத்தை விட்டுவிடுவார்கள். ஒன்று, ஒரே கல்லூரி. இரண்டு, ஆண்கள் மட்டும், சொராரிட்டி கிடையாது. மூன்றாவதுதான் முக்கியம், சேர்கிற பையன்களின் குடும்பமே வசதியானது, வாய்ப் பேச்சும் சுபாவமும் ஏற்கெனவே இருப்பவர்கள். ஆய்வாளர்கள் அதைக் கழித்துப் பார்க்க முயன்றிருக்கிறார்கள், ஆனால் முழுசாகக் கழிக்க முடியுமா என்பதில் எனக்குச் சந்தேகம். நம்மூரில் ஐஐடி கோச்சிங் சென்டர் போஸ்டர் போடுகிற கதைதான், நன்றாகப் படிக்கிற பிள்ளையைப் பொறுக்கி எடுத்துவிட்டு "எங்கள் சாதனை" என்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால் அந்த யூனியன் காலேஜ்தான் இந்த வகை ஃப்ரட்டர்னிட்டிகளுக்கே பிறந்த வீடு, கப்பா ஆல்ஃபா சொசைட்டி 1825-இல் அங்கேதான் ஆரம்பித்தது. பிறந்த வீட்டுக்காரனே மார்க் குறையும் என்று சொன்னால் கொஞ்சம் நம்பலாம்.

கொள்ளிடத்துக்காரி:
தம்பி பழைய பிளெட்ஜ், அந்த ஹெட்போன் விஷயத்தைப் படித்துவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன், ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் போனை வாங்கி மறுபடி அவரே ஒரு தடவை படித்தார்.

அவர் இப்போது வேறு சந்தேகம் கேட்கிறார். அவருடைய ஆபீஸ் நண்பரின் பெண் ஃபை பீட்டா கப்பா, அது ரொம்பக் கௌரவம் என்கிறார்கள், அதுவும் கிரேக்க எழுத்துதானே, அதில் சேர்த்தால் என்ன? அப்புறம் கமலா ஹாரிஸ் ஏதோ சொராரிட்டியில் இருந்தாராமே?

சார்ல்ஸ்_ஆற்றங்கரை:
ஃபை பீட்டா கப்பாவில் நாமாகச் சேர முடியாது, மார்க்கைப் பார்த்து அவர்கள்தான் அழைப்பார்கள். 1776 டிசம்பரில் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் ரகசியச் சங்கமாக ஆரம்பித்தது, கிரேக்க எழுத்து வைக்கிற பழக்கமே அங்கிருந்துதான். பிறகு அது முழுக்கப் படிப்புக்கான மரியாதையாக மாறிவிட்டது. அண்ணனிடம் சொல்லுங்கள், இடையில் இன்னொரு வகை இருக்கிறது. தொழில்சார்ந்த ஃப்ரட்டர்னிட்டிகள், ஆண் பெண் இருவரும் சேரலாம். எஞ்சினியரிங்குக்கு தீட்டா டவ், பிசினஸ் படிக்கிறவர்களுக்கு ஆல்ஃபா கப்பா சை, இரண்டும் 1904-இல் தொடங்கியவை. பேர் ஃப்ரட்டர்னிட்டி, ஆனால் பிசினஸ் பக்கம் எல்லாம் சேர்கிறதுக்கே கோட்டு போட்டு இன்டர்வியூ.

நான் படித்தது எம்ஐடி, இங்கே மாசசூசெட்ஸில் இருப்பது. எங்கள் ஃப்ரட்டுகள் பல ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாஸ்டனில். தினமும் ஹார்வர்ட் பாலத்தைத் தாண்டி நடக்க வேண்டும், பிப்ரவரியில் அந்தக் காற்று மூக்கை அறுத்துக் கையில் கொடுத்துவிடும். பாலத்தின் நடைபாதையில் பெயின்ட்டில் கோடு போட்டு எண் எழுதியிருக்கும், அது ஸ்மூட் என்ற அளவு. 1958-இல் லாம்ப்டா கை ஆல்ஃபாவில் புதிதாகச் சேர்ந்த ஆலிவர் ஸ்மூட் என்ற பையனைப் படுக்க வைத்துப் படுக்க வைத்துப் பாலத்தை அளந்தார்கள், ஐந்தடி ஏழு அங்குல ஆள். பாலத்தின் நீளம் 364.4 ஸ்மூட், கூட ஒரு காது. அந்த ஆள் பிற்காலத்தில் உலகத் தரநிலை அமைப்பான ஐஎஸ்ஓவுக்கே தலைவரானார். கோட்டை இன்றைக்கும் அந்த வீட்டுப் பையன்கள் புதுப்பிக்கிறார்கள். இந்த மாதிரி அசட்டுத்தனத்துக்கு ஒரு இடம் வேண்டும் என்பது என் கட்சி.

ஆனால் அதே எம்ஐடியில்தான் 1997-இல் ஸ்காட் க்ரூகர் என்ற முதலாண்டுப் பையன் ஃப்ரட்டில் குடித்துச் செத்தான். அதற்குப் பிறகு முதலாண்டு மாணவர் எல்லோரும் காம்பஸுக்குள்தான் தங்க வேண்டும் என்று விதி கொண்டுவந்து, 2002-இலிருந்து நடைமுறைக்கு வந்தது. நான் அந்த விதிக்குப் பிறகு வந்தவன். முதல் வருஷம் ஹாஸ்டலில் இருந்துகொண்டு வீடுகளை நிதானமாகப் பார்த்தேன், எந்த வீட்டில் சமையலறை பாத்திரம் கழுவிக் கிடக்கிறது என்பது உட்பட. அது நல்ல சோதனை, சிரிக்காதீர்கள்.

பழைய_பிளெட்ஜ்:
கமலா ஹாரிஸ் சேர்ந்தது ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா, ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில். கறுப்பினப் பெண்களுக்கென்று அதே ஹாவர்டில் 1908-இல் தொடங்கிய சொராரிட்டி. அம்மா சியாமளா கோபாலன் சென்னையில் பிறந்தவர் என்றாலும் மகளுக்குக் கிடைத்த அக்கா தங்கைகள் இவர்கள். மார்ட்டின் லூதர் கிங் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா, அது 1906-இல் கார்னெலில் ஆரம்பித்தது. வாஷிங்டனில் 2011-இல் திறந்த கிங் நினைவிடம் இருக்கிறதே, அதைக் கட்ட வேண்டும் என்று முன்னெடுத்தது அந்த ஃப்ரட்டர்னிட்டிதான். அவர்களுக்குக் கல்லூரி முடிந்தாலும் முடியாது, பட்டதாரிகளுக்கென்று சாப்டர், 60 வயதிலும் கூட்டத்துக்குப் போவார்கள். நம் ஆட்களின் ஃப்ரட்டுகள் அந்த விஷயத்தை அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டால் நன்றாயிருக்கும், எங்கள் குழு கல்யாணத்துக்குக் கல்யாணம் டான்ஸ் ஆடுவதோடு சரி.

மதுரைக்காரன்_நியூஜெர்சி:
கிங்கையும் கமலாவையும் வைத்து மொத்தத்துக்கும் வெள்ளையடிக்காதீர்கள். கதவு மூடியிருந்ததால் அவர்கள் தனியாகக் கட்டினார்கள். அலபாமா பல்கலைக்கழகச் சொராரிட்டிகளில் அந்தக் கதவு 2013 வரை பெரும்பாலும் மூடித்தான் இருந்தது, கறுப்பினப் பெண்களை எடுக்கலாம் என்று உள்ளே இருந்த மாணவிகள் சொல்லியும் பழைய மாணவிகள் தடுத்தார்கள் என்று மாணவர் பத்திரிகை எழுதினபிறகுதான் திறந்தது. இது நேற்று நடந்த கதை.

நிலா_அட்லாண்டா:
உண்மைதான் அண்ணா. என்னை எடுத்த வீட்டில்கூட ஒரு மாதம் கழித்து ஒருத்தி "நீ வந்ததால எங்க போட்டோ நல்லா இருக்கு" என்றாள், பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னாள். நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன், இன்றைக்கும் அது உறுத்துகிறது.

ஆன்ட்டி, அங்கிளிடம் குடி பற்றி இப்படிச் சொல்லுங்கள். நேஷனல் பான்ஹெலனிக் கான்ஃபரன்ஸ் என்கிற கூட்டமைப்பில் இருக்கிற 26 சொராரிட்டிகளின் வீடுகளுக்குள் பொதுவாக மது கூடாது. எங்கள் வீட்டில் ஹவுஸ் மாம் (வீட்டைப் பார்த்துக்கொள்கிற பெண்மணி) ஒருத்தர் இருந்தார், மேல் மாடிக்கு ஆண்கள் ஏறக் கூடாது என்று வாசலில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவார். கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? ஆனால் இதன் விளைவு, பார்ட்டி எல்லாம் பையன்கள் வீட்டில்தான். யாரை விடுவது, என்ன ஊற்றுவது, கதவை எப்போது திறப்பது எல்லாம் அவர்கள் கையில். ஆபத்து இருப்பது அங்கேதான். எங்கள் சாப்டரில் ஒவ்வொரு பார்ட்டிக்கும் நாலு பேர் முறை வைத்துக் குடிக்காமல் இருந்து எல்லோரையும் எண்ணிக் கூட்டி வருவோம். உங்கள் மகள் பார்க்கிற சாப்டரில் அந்த முறை நிஜமாக நடக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள், "ஆமாம் ஆமாம்" என்றால் போன வாரம் யார் முறை என்று கேட்கச் சொல்லுங்கள்.

ஹேஸிங் பற்றித் தெரிந்துகொள்ள இப்போது ஒரு வசதி வந்திருக்கிறது. 2024 டிசம்பரில் கையெழுத்தான ஃபெடரல் சட்டப்படி, எந்த அமைப்பு என்ன செய்து மாட்டியது என்று கல்லூரிகள் பெயரோடு வெளியிட வேண்டும். ரஷ்ஷுக்கு முன்னால் கல்லூரித் தளத்தில் அந்த அறிக்கையைத் தேடிப் படித்துவிடுங்கள்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. கடைசி ரவுண்டு முடிந்ததும் ஒரு பாரத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அதில் எழுதின வீட்டிலிருந்து பிட் வந்து, அதை வேண்டாம் என்று சொன்னால், அடுத்த ரஷ் வரும்வரை அந்தக் காம்பஸில் இந்த 26-இல் வேறு எதிலும் சேர முடியாது. அதனால் மனசுக்குப் பிடிக்காத வீட்டை "சும்மா இருக்கட்டும்" என்று எழுதவே கூடாது.

கொள்ளிடத்துக்காரி:
நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் எல்லோரும் இவ்வளவு எழுதினீர்கள். ஆகஸ்டில் அவள் பெரிய ரஷ்ஷுக்குப் போனாள், அவள் அப்பாவே காரில் கொண்டுபோய் விட்டார், பேட்டரி விசிறியும் அவரே வாங்கிக் கொடுத்தார். மூன்றாம் நாள் மத்தியானம் போன் செய்து "போதும்மா, எல்லாரும் ஒரே கேள்வி கேக்கறாங்க, வாய் வலிக்குது" என்று விலகிவிட்டாள். பிறகு தெற்காசியச் சொராரிட்டி ஒன்றின் கூட்டத்துக்குப் போயிருக்கிறாள். பதினெட்டுப் பேர்தானாம். அந்தப் பெண்களிடம் "போன வாரம் யார் முறை" என்று கேட்டாளாம், இரண்டு பேர் டக்கென்று பேர் சொன்னார்களாம். வசந்த செமஸ்டரில் சேரப் போகிறாள்.

இப்போது சந்தேகம் என்னவென்றால், அவர்களில் ஆறு பேர் சேர்ந்து அடுத்த வருஷத்துக்கு ஒரு வாடகை வீடு பார்த்திருக்கிறார்களாம், இவளையும் இப்போதே லீஸில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். ஒருத்தி காசு கொடுக்காவிட்டால் மற்ற எல்லோரும் சேர்ந்து கொடுக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. இது வழக்கம்தானா?

நிலா_அட்லாண்டா:
வழக்கம்தான், ஆனால் நல்லதில்லை. ஆளுக்குத் தனி லீஸ் கொடுப்பார்களா என்று வீட்டுக்காரரிடம் முதலில் கேட்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் கையெழுத்துப் போடும் முன்னால் எனக்குத் தனிச் செய்தியில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள் ஆன்ட்டி, ராத்திரி பார்க்கிறேன்.